பியூலாவுக்கு அரை ஸ்பூன்

அவித்த முட்டையை விக்டோரியா கத்தியால் நறுக்க மாட்டாள். தையல் நூலை இரண்டு கையிலும் விறைப்பாக இழுத்துப் பிடித்து, முட்டையின் நட்டநடுவில் வைத்து அழுத்துவாள். மஞ்சள் கரு சிதறாமல் முட்டை இரண்டாகப் பிரியும். ஒரு பாதி சாலமோன் தட்டுக்கு, மறு பாதி பியூலா தட்டுக்கு. சாலமோனுக்குப் பத்து வயது, பியூலாவுக்கு ஐந்து. பசியும் வயிறும் வேறு வேறுதான், ஆனாலும் பங்கு ஒன்றுதான். திருவள்ளூரிலிருந்து திருப்பாச்சூர் போகும் சாலையோரம் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் அவளுக்குத் 'தராசுக்காரி' என்று பேர் வைத்திருந்தாள்.

"இன்னா தராசுக்காரி, இன்னிக்கு நாஷ்டாவுக்கு இட்லிய நிறுத்துப் போட்டியா?"

விக்டோரியா சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அந்தப் பேரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு. சாலமோன் அவள் பெற்ற பிள்ளை. அவனைக் கைக்குழந்தையாக வைத்துக்கொண்டிருந்தபோது முதல் கணவன் காய்ச்சலில் போய்விட்டான். பியூலா, மோசஸின் முதல் மனைவி ராகேல் இறக்கும்போது விட்டுச் சென்ற மகள். இரண்டு வருடத்துக்கு முன்னால் மோசஸும் விக்டோரியாவும் மோதிரம் மாற்றிக்கொண்ட அன்று, மாதா கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே அவன் மெதுவாகச் சொன்னான்: "எனுக்குன்னு நீ ஒண்ணும் செய்ய வாணாம் விக்டோரியா. ரெண்டு புள்ளைங்களுக்கும் ஒரே மாதிரி செய். அது போதும்."

கல்யாண மாப்பிள்ளை ஆசையாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தவளுக்கு முதலில் சப்பென்றுதான் இருந்தது. பிறகு யோசிக்க யோசிக்க, அவன் கேட்டதிலேயே அவள் பிள்ளையும் சேர்ந்திருக்கிறான் என்பது புரிந்தது. அன்றைக்கே அவள் மனசு அவனிடம் போய்விட்டது. அந்த வார்த்தையை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஒரே துணியில் சட்டையும் கவுனும் தைத்தாள். தட்டு, டம்ளர், தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் ஒரே அளவு.

தொண்டை நோவுகூட இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் வந்தது. மழைக்காலம் முழுக்க மாறி மாறிக் காய்ச்சல். பியூலா தூங்கினால் அந்தச் சின்ன மார்புக்குள் ஒரு ரைஸ்மில்லே ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் கெங்கம்மாளுக்கும் கேட்கும். டாக்டர் இராமலிங்கம் இருவர் வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் டான்சில் எடுத்துடலாம். ஒரே லீவுல ஒண்ணா ஆறிடும்" என்றார். எழுபத்து மூன்றாம் வருடம் மே மாதம், கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அவருடைய சின்ன ஆஸ்பத்திரியில் ஒரே காலையில் இருவருக்கும் ஆபரேஷன் முடிந்தது.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு பாட்டிலைக் காட்டினார். சிவப்பாக, பாகு போல இருந்தது மருந்து.

"இதுல கோடீன்னு ஒண்ணு இருக்கும்மா. அபினியிலேர்ந்து எடுக்கறது. வலிய நல்லா அமுக்கும், தூக்கமும் வரும். பையனுக்கு ஒரு டீஸ்பூன். பாப்பாவுக்கு அரை டீஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம். மருந்து வேலை செய்யறப்ப கஞ்சி, தண்ணி எல்லாம் குடுத்துடணும். வலிக்குதேன்னு முழுங்காம விட்டா தொண்டை காஞ்சு புண்ணு வெடிக்கும்."

விக்டோரியா தலையாட்டினாள். மோசஸும் கேட்டுக்கொண்டு நின்றான். அம்பத்தூரில் ஓர் இரும்புப் பட்டறையில் அவனுக்கு வேலை. ஆபரேஷனுக்கென்று எடுத்த லீவு தீர்ந்துவிட்டது. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு அப்படியே பாசஞ்சரைப் பிடிக்க ஓடினான்.

வீட்டில் ரோசம்மாள் வந்து உட்கார்ந்திருந்தாள். ராகேலின் அக்கா. தங்கச்சி மகளைப் பார்த்துக்கொள்ள ஆரணியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். நல்ல மனசுதான், ஆனால் வாய் மட்டும் சும்மா இருக்காது. இந்த வீட்டுக்குள் நுழைந்தால் கண் முதலில் பியூலாவின் கன்னத்தைப் பார்க்கும், அது வற்றியிருக்கிறதா என்று. பிறகு சாலமோனின் கன்னத்தைப் பார்க்கும், அது உப்பியிருக்கிறதா என்று.

விக்டோரியா சாலமோனுக்கு ஒரு ஸ்பூன் ஊற்றிக் கொடுத்தாள். பியூலாவுக்கு அரை ஸ்பூன் ஊற்றினாள். ஸ்பூனின் குழியில் அது அடியில் ஒட்டிக் கிடந்தது.

"இன்னாது இது, அவனுக்கு ரொம்பி வழியுது, இவளுக்கு அடியில நிக்குது?" என்றாள் ரோசம்மாள்.

"டாக்டர் அப்டித்தான் சொன்னாருக்கா."

"சொல்லியிருப்பாரு, சொல்லியிருப்பாரு."

சாலமோன் சற்று நேரத்தில் கஞ்சி குடித்துவிட்டு சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டான். பேசினால் வலிக்கும் என்று எல்லாவற்றையும் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தான். 'இன்னொரு கஞ்சி' என்று எழுதி நீட்டினான். பியூலா இரண்டு வாய் குடித்துவிட்டு முனகிக்கொண்டே படுத்துக்கொண்டாள். உறவு இல்லாதவர்களுக்குக்கூட மனசு கரையும் முனகல். ரோசம்மாளுக்கு அது தாங்கவில்லை.

"பாரு கெங்கம்மா," என்று வாசலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரியைச் சாட்சிக்கு இழுத்தாள். "ரெண்டுக்கும் ஒரே கத்தி, ஒரே காயம். அவன் குந்திக்கினு எழுதறான். இது சுருண்டு கெடக்குது. ஏன்? அவனுக்கு முழு மருந்து, இதுக்குப் பாதி மருந்து. முட்டைய நூலு போட்டு அறுக்கறதெல்லாம் ஊருக்குக் காட்டறதுக்குத்தானா?"

கெங்கம்மாள் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் தன் வீட்டுக்குள் போனதுதான் விக்டோரியாவைச் சுட்டது. தராசுக்காரி என்று கூப்பிட்டவளே ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே.

மத்தியான வேளை வந்தது. சாலமோனுக்கு ஒரு ஸ்பூன். அடுத்து பியூலாவின் முறை. பாட்டிலைச் சாய்க்கும்போது டாக்டர் சொன்னது விக்டோரியாவுக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. அரை ஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம். ஆனால் ரோசம்மாளின் பார்வை ஸ்பூன்மேலேயே இருந்தது. அந்த அரை ஸ்பூன் மருந்தாகவே தெரியவில்லை விக்டோரியாவுக்கு. அடுத்தவள் பெற்ற பிள்ளைக்குக் கிள்ளிக் கொடுக்கிற பிச்சை மாதிரி இருந்தது. நோவுக்குத்தானே மருந்து, இந்தப் பிள்ளைக்கும் அதே நோவுதானே என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. பாட்டிலை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். சிவப்பு மருந்து ஸ்பூனின் விளிம்புவரை ஏறியது.

பியூலா முகத்தைச் சுளித்து முழுங்கினாள்.

"ஆங், இப்ப சரி" என்றாள் ரோசம்மாள்.

உண்மையிலேயே சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. முனகல் நின்றது. குழந்தை பாயில் கை கால் பரப்பி அப்படியே தூங்கிப் போனாள். ரோசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே அதிசயப்பட்டாள்.

"விக்டோரியா, இங்க வந்து பாரேன். இன்னா அழகா தூங்குது! அந்தக் கொறட்ட எங்க போச்சி? ஒரு சத்தம் இல்ல. டாக்டர் கைராசிக்காரருதான்."

கெங்கம்மாளும் வந்து பார்த்தாள். "ஆமா, சுவத்துக்கு அந்தாண்ட என்னடா பேஜாரு இல்லாம இருக்கேன்னு பாத்தேன். இனிமே நானும் தூங்கலாம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். விக்டோரியாவும் சிரித்தாள். அவளுக்கும் நெஞ்சு லேசாகியிருந்தது. ரோசம்மாள் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நாளாகிறது என்பதுகூட மனசில் ஓடியது. துணியை அலசிவிட்டு வரலாம் என்று குழாயடிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது ரோசம்மாள் விசிறியோடு சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். பியூலாவின் கீழுதட்டில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. விக்டோரியா ஈரக் கையால் அதை ஓட்டப் போனவள் நின்றாள். ஈ உதட்டில் நடந்து வாய்க்குள் எட்டிப் பார்த்தது. குழந்தையின் உதடு துடிக்கவில்லை. வாயோரத்தில் எச்சில் தேங்கி நின்றது, அதையும் முழுங்கவில்லை. மார்பு ஒரு தரம் ஏறி இறங்கியது. அடுத்ததாக ஏறும் என்று பார்த்தாள். ஏறவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், வேண்டா வெறுப்பாக, மெல்ல ஏறியது.

"பியூலா! ஏய் பாப்பா! கண்ணத் தொற!"

தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை துணி பொம்மை மாதிரி சாய்ந்தது. உதட்டில் நாவல்பழம் தின்ற மாதிரி ஒரு நீலம்.

அப்புறம் அவள் யோசிக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, "சாலமோனு, கெங்கம்மா ஊட்டுல இரு" என்று கத்திக்கொண்டே வெயிலில் ரோட்டுக்கு ஓடினாள். பதறி எழுந்த ரோசம்மாள் செருப்பில்லாமல் பின்னால் ஓடி வந்தாள். சூளையிலிருந்து செங்கல் ஏற்றிக்கொண்டு வந்த லாரிக்கு முன்னால் விக்டோரியா போய் நின்றாள். டிரைவர் அப்பாவு திட்டுவதற்கு வாயைத் திறந்தவன், தோளில் தொங்கிய குழந்தையைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறும்மா, ஏறு. எந்த ஆஸ்பத்திரி?"

லாரிக்குள் அவள் பியூலாவை மடியில் நிமிர்த்தி வைத்துக் கன்னத்தைத் தட்டினாள், உள்ளங்காலைக் கிள்ளினாள். "மூச்சு இழுடி கண்ணு. இழு. இன்னொண்ணு. சித்தி சொல்றேன் இல்ல, இழு." கிள்ளும்போதெல்லாம் குழந்தை ஒரு மூச்சு இழுத்தாள். கிள்ளாவிட்டால் மறந்துவிடுகிற மாதிரி இருந்தது.

"ஏசப்பா, ஏசப்பா... புள்ளைக்கு இன்னாத்த குட்த்த நீ?" ரோசம்மாளின் குரல் கிழிந்தது.

"முழு ஸ்பூன் குட்த்துட்டேன்க்கா. அரைதான் குடுக்கச் சொன்னாரு. நான் முழுசு குட்த்துட்டேன்."

ரோசம்மாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

டாக்டர் இராமலிங்கம் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டிருந்தார். குழந்தையைப் பார்த்ததும் ஈரக் கையோடு வந்தார். மேசைமேல் படுக்க வைத்து மார்பெலும்பை விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். ஆக்ஸிஜன் வைத்தார்கள். அபின் மருந்தின் வேகத்தை முறிக்கிற ஊசி ஒன்றைப் போட்டார். இரண்டு பெண்களும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த மார்பு ஏறுவதையும் இறங்குவதையும் தவிர உலகத்தில் விக்டோரியாவுக்கு வேறெதுவும் தெரியவில்லை.

கடைசியில் பியூலா அழுதாள். கரகரத்த, உடைந்த அழுகை. விக்டோரியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒரு ஸ்பூன் சார். நீங்க அரைன்னு சொன்னது நல்லா நெனப்பு இருந்துது சார்."

"அப்புறம் ஏம்மா?"

பக்கத்தில் நின்ற ரோசம்மாள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பையன் எடை என்ன, இவ எடை என்ன? சின்ன உடம்பும்மா இது. கூடிப்போனா அந்த மருந்து வலிய மட்டும் தூங்க வைக்காது, மூச்சையும் தூங்க வச்சிடும். கொறட்டை விட்ட புள்ளைங்களுக்கு இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். இன்னிக்கு இங்கயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன். நாளைக்கு வீட்டுக்குப் போனா வலி வரும். அப்ப அரை ஸ்பூன் குடுங்க. பயந்துபோய் ஒரேயடியா நிறுத்திடாதீங்க. எழுப்பினா எழுந்திருக்காளா, மூச்சு சீரா வருதான்னு கூட இருந்து பாருங்க. அவ தண்ணி முழுங்கியாகணும்."

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போன மோசஸ், கெங்கம்மாள் சொன்ன கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். சட்டை முழுக்க எண்ணெய்க் கறை. மருந்தைப் பற்றி யாரும் சொல்வதற்கு முன்னால் விக்டோரியாவே நடந்ததைச் சொன்னாள். அவன் மகளின் காலடியில் உட்கார்ந்து நெடுநேரம் அவள் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நீ ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற? திட்டேன்" என்றாள் அவள்.

"இன்னாத்த திட்டறது? ஒரே மாதிரி செய்னு நான்தான சொன்னேன்." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "ரோசம்மா அண்ணி பியூலாவ ஆரணிக்குக் கூட்டிக்கினு போறேன்னுது. தொண்ட ஆறினப்புறமும் அங்கயே இருக்கட்டும்னுது. நீ இன்னா சொல்ற?" என்றான்.

அவன் கேட்டதைவிட, ஆறுமாதம் பார்க்காதவளிடம் பேசுகிற மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டதுதான் அவளுக்கு வலித்தது. "மொதல்ல புள்ள தண்ணி குடிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் வீடு திரும்பினார்கள். மோசஸ் வேலைக்குப் போகவில்லை. வந்ததும் அவன் செய்த முதல் காரியம், அந்த மருந்து பாட்டிலை எடுத்துச் சுவரின் உச்சிப் பலகையில், யார் கைக்கும் எட்டாத இடத்தில் வைத்ததுதான். ரோசம்மாள் பியூலாவின் கவுன்களை ஒரு பையில் மடித்து வைத்தாள். சாலமோன் மட்டும் சிலேட்டில் 'பாப்பா எங்க போறா' என்று எழுதி ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு வந்தான். யாரும் படிக்காதது போல இருந்தார்கள். அவனுக்கும் தொண்டை வலிதான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கஞ்சியை முழுங்கிவிட்டான்.

பியூலா முழுங்கவில்லை. எச்சிலைக்கூட முழுங்காமல் ஒரு துண்டில் வழியவிட்டுக்கொண்டிருந்தாள். மோசஸ் கெஞ்சினான், பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். ரோசம்மாள் மடியில் போட்டுக்கொண்டு ஞானப்பாட்டு பாடினாள், கதை சொன்னாள், பாலாடையில் தண்ணீர் எடுத்து உதட்டில் ஊற்றினாள். தண்ணீர் தாடை வழியாக ஓடியது. தொண்டைக்குள் ஒரு சொட்டு போனதும் வலி காதுவரை ஏற, குழந்தை காதைப் பொத்திக்கொண்டு துடித்தாள். வெயில் ஏற ஏற உதடு வெடித்தது. அழுதாலும் கண்ணில் நீர் வரவில்லை.

"ஒரு வாய், ஒரே வாய் குடிச்சிடு ராசாத்தி" என்று சொல்லிச் சொல்லி ரோசம்மாளுக்கே தொண்டை கட்டிவிட்டது.

விக்டோரியா அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் குழந்தையைத் தொடவில்லை. தொடுவதற்குத் தனக்கு இனி உரிமை இருக்கிறதா என்றே தெரியவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் யாரும் அவளைக் குறை சொல்லப்போவதில்லை. மருந்தைக் கொடுத்து இன்னொரு தரம் ஏதாவது ஆகிவிட்டால் சாகும்வரைக்கும் அந்தப் பேர் போகாது. நேற்று ஸ்பூனை நிரப்பியதும் இதே பேச்சுக்குப் பயந்துதான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேருக்குப் பயந்து நேற்று கூட்டிக் கொடுத்தாள். இன்றைக்கு அதே பேருக்குப் பயந்து ஒன்றும் கொடுக்காமல் நிற்கிறாள். இரண்டு தடவையும் பட்டுக்கொண்டது பியூலாதான்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்த பாட்டில எடு" என்றாள் மோசஸிடம்.

"வாணாம்!" ரோசம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "தொட்ட, நடக்கறதே வேற. நேத்து பட்டது போதாதா? மறுபடியும் அந்த அபினியா?"

"நேத்து தப்பு மருந்து மேல இல்லக்கா. எம்மேல."

"மோசசு, நீ சொல்லுப்பா இவளுக்கு!"

மோசஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் மகளின் வெடித்த உதட்டைப் பார்த்தான். விக்டோரியா ஒன்றும் கெஞ்சவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்தே அவள் கையில் கொடுத்தான்.

"நீயே குடு" என்றான்.

அவள் ஜன்னல் பக்கம், வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் போய் உட்கார்ந்தாள். முதலில் சாலமோனைக் கூப்பிட்டு முழு ஸ்பூன் கொடுத்தாள். வாசலில் கெங்கம்மாள் வந்து நிற்பது தெரிந்தது. தெரிந்தே, அவளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"பாத்துக்கோங்கக்கா. நான் பெத்ததுக்கு முழுசு. ராகேல் பெத்ததுக்குப் பாதி. நாளைக்கும் இப்டித்தான் குடுப்பேன். ஆரு இன்னா சொல்லிக்கினாலும் சரி."

ஸ்பூனின் குழியில் பாதிவரை மருந்து நின்றது. பியூலாவின் முன்னால் மண்டியிட்டாள். "இது கொஞ்சூண்டுதான்டி. ஒரு தரம் எரியும், அப்புறம் எரியாது. சித்தி பக்கத்துலயேதான் குந்திக்கினு இருப்பேன்."

பியூலா பெரியம்மாவின் மடியிலிருந்தே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

விக்டோரியா நகரவே இல்லை. குழந்தையின் மார்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோசம்மாள் முதலில் அந்தக் கையைத்தான் காவல் காத்தாள். கொஞ்ச நேரம் போனதும் அவளும் தன் விரலைக் குழந்தையின் மூக்கருகே கொண்டுபோனாள். நடுநடுவே விக்டோரியா, "பாப்பா, கண்ணத் தொற" என்பாள். பியூலா கண்ணைத் திறந்து, எரிச்சலோடு பார்த்துவிட்டு மூடிக்கொள்வாள். அந்த எரிச்சலைப் பார்க்கும்போதெல்லாம் மோசஸ் பெருமூச்சு விட்டான்.

காதைப் பொத்தியிருந்த சின்னக் கை தானாக இறங்கியது. நெற்றிச் சுருக்கம் விட்டது. விக்டோரியா டம்ளரை உதட்டில் வைத்தாள். ஒரு மடக்கு. முகம் கோணியது, ஆனால் தண்ணீர் உள்ளே போயிற்று. எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். பியூலா நாக்கால் உதட்டைத் தடவினாள். இன்னொரு மடக்கு. பிறகு டம்ளரை இரண்டு கையாலும் தானே பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா, மெதுவா" என்ற ரோசம்மாளின் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. விக்டோரியாவைப் பார்த்தாள். ஆரணிக்குக் கட்டி வைத்த பையைக் கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, எப்போதும் போல அதட்டலாகவே கேட்டாள்:

"ஏன்டி, அடுத்த வேள மருந்து எப்போ? எனுக்குச் சொல்லி வையி. நீயும் கொஞ்சம் கண்ணசர வாணாமா? நான் முழிச்சிக்கினு பாத்துக்கறேன். அரை ஸ்பூன்தான, எனுக்குத் தெரியும் போ."

"நானே குடுக்கறேன்க்கா. நீங்க கூட இருங்க" என்றாள் விக்டோரியா.

மோசஸ் எழுந்து போய்க் காலி டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் மொண்டு வந்தான்.